மூக்கைப் பார், மூணு எண்ணு, சிரி

ஜனவரி 19

என் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நான் நல்லா இருக்கேன். முட்டி வலி கூடவே இருக்கு. இத்தனை வருஷத்துல அதுவும் வீட்டு ஆள் மாதிரி ஆயிடுச்சு, ஒரு நாள் வரலைன்னா எங்கே காணோம்னு தேட வேண்டியிருக்கு. நீ, மாப்பிள்ளை, என் பேத்தி வாலு, மூணு பேரும் சுகமா? வாலுவுக்கு விழுந்த முன்பல் முளைச்சுடுச்சா?

எல்லா வீட்டுப் பொண்ணும் அம்மாகிட்ட போன்ல பேசுது. எதிர் வீட்டுக்காரி மக தினமும் காலையில அரை மணி பேசறா, அவ பேசறது இங்கே எனக்கே கேக்குது. நீ மட்டும் போன்ல பேசினா வார்த்தை ஓடிப்போயிடுதுன்னு லெட்டர் போடறே. அஞ்சாவது படிச்சவளை உக்கார வெச்சு எழுத வெக்கிறே. போகட்டும், இந்தத் தெருவுல போஸ்ட்மேன் நம்ம வாசல்ல மட்டும்தான் சைக்கிளை நிறுத்தறார். அதுவும் ஒரு கௌரவம்தான்.

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். அந்த ஆட்டிசம்ங்கற வார்த்தையை எழுத்துக்கூட்டித்தான் படிச்சேன். உனக்கு முப்பத்தெட்டு வயசு. ஒரு குழந்தை பெத்தாச்சு. பதினாலு வருஷமா ஒரே கண்ணாடிக் கம்பெனியில லென்ஸ் பார்த்து அனுப்பறே, உன் கையில இருந்து போன லென்ஸ் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைன்னு உன் மேனேஜரே சொல்லியிருக்கார். உனக்கு இது பிறவியிலேயே இருந்ததுன்னு ஒரு டாக்டரம்மா சொல்றாங்களாம். நீ பிறந்தப்போ அந்தம்மா எங்கே இருந்தாங்க? நான்தானே இருந்தேன்?

மருந்துக் கடைக்காரர்கிட்ட, வேற யாருக்கோ மாதிரி விசாரிச்சேன். தமிழ்ல அதை மன இறுக்கம்னு சொல்வாங்கன்னார். மனசு தானாவா இறுகும், யாராவது இறுக்கினாத்தானேன்னு யோசிச்சுக்கிட்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இப்போ நான் கேக்கறதுக்கு ஒண்ணொண்ணா பதில் எழுது. உன்னை அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது யாரு? யோசனை யாருது? அந்தம்மா மாப்பிள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சவங்களா? அவர் வெளியில உக்காந்திருந்தாரா, உள்ளேயும் வந்தாரா?

மாப்பிள்ளையை நான் குறை சொல்லல. ஆனா அக்டோபர்ல நான் வந்து நாலு நாள் இருந்தேனே, உன் பக்கத்துல வந்து உக்காந்து வாயைத் திறந்தாப் போதும், உடனே வந்து நிப்பார். 'வாங்க அத்தை, கடைக்குப் போயிட்டு வரலாம்.' ஒரு தீப்பெட்டி வாங்க ரெண்டு பேர் எதுக்குப்பா? மறுநாள் நூல்கடையில ஒரு மணி நேரம் என்னை நிக்க வெச்சார். நான் திரும்பி வரும்போதெல்லாம் நீ அறைக்குள்ள, கதவு சாத்தியிருக்கு. பெத்தவளும் மகளும் தனியா பேசக்கூடாதுன்னு ஒருத்தர் நினைச்சா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும். இன்னொண்ணும் என் கண்ணுல பட்டுச்சு. அதை இதுல எழுத மாட்டேன், லெட்டரை யார் பிரிக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதே. டாக்டர் குடுத்ததை யார்கிட்டயும், முக்கியமா கம்பெனியில, காட்டாதே.

வாலுவுக்கு என் முத்தம்.

உன் அம்மா


ஜனவரி 27

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உறை ஒட்டியபடியே இருந்தது, யாரும் பிரிக்கவில்லை.

கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். வாலுவுக்குப் பல் பாதி வந்திருக்கிறது, கொஞ்சம் சாய்வாக. டாக்டரிடம் நான் தனியாகத்தான் போனேன், பஸ்ஸில். யோசனை என்னுடையது. இரண்டு வருடமாக இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன், உங்களிடம் சொல்லவில்லை. டாக்டரை அவருக்கு முன்பே தெரியாது. மூன்றாவது தடவை மட்டும் அவரையும் வரச் சொன்னார்கள். முதல் இருபது நிமிடம் வெளியே இருந்தார், பிறகு உள்ளே வந்தார்.

டாக்டர் சொன்ன அன்று பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். அழவில்லை. எங்கள் வேலையில் சில சமயம் ஒரு லென்ஸைக் கீறல் விழுந்தது என்று தனியே எடுத்து வைப்போம். பிறகு பார்த்தால் அது கீறலே இல்லை, வேறு ஒரு கண்ணுக்காகத் தேய்த்த லென்ஸ். அன்று எனக்கு அப்படி இருந்தது.

இப்போது சில விஷயங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். கடைக்குப் போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன், அதற்குத் தலைவலி என்று காரணம் சொல்வதில்லை. வாலுவின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவர் மட்டும் போகிறார். ஒரு மாதத்தில் இரண்டு தடவைதான் அழுதேன். முன்பு வாரத்துக்கு இரண்டு.

உங்களிடம் ஒரு கேள்வி. 'யாரோடு பேசினாலும் அவர் மூக்கின் மேற்பக்கத்தைப் பார்க்கிறீர்கள், மனதுக்குள் ஏதோ எண்ணுகிறீர்கள், பிறகு சிரிக்கிறீர்கள். எங்கே கற்றீர்கள்?' என்று டாக்டர் கேட்டார். அம்மா கற்றுக்கொடுத்தது என்றேன். ஒன்றாம் வகுப்பில் தினமும் காலையில் பீரோக் கண்ணாடி முன்னால் நிற்க வைப்பீர்களே, 'மூக்கைப் பார், மூணு எண்ணு, சிரி' என்று. அம்மா ஏன் அதைக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டார். தெரியாது என்றேன். ஏன் அம்மா? எழுதுங்கள்.

அடுத்தது வேலை விஷயம். நான் உட்காரும் சின்ன அறையை ஏப்ரல் கடைசியில் எடுக்கிறார்கள். எல்லாரும் மாடியில் பெரிய ஹாலுக்குப் போக வேண்டும். நாற்பது பேர், மூன்று பாலிஷ் மெஷின், நாள் முழுக்கப் பாட்டுப் போடும் ஒரு ஸ்பீக்கர். ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். பதினேழு லென்ஸைத் தவறாக அனுப்பிவிட்டேன். அங்கே என்னால் வேலை செய்ய முடியாது, வேலையை விட வேண்டியிருக்கும். அதனால் டாக்டர் கடிதத்தைக் கம்பெனியில் கொடுத்து, சின்ன அறையிலேயே இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்று பெற்றவர் எழுதித் தர வேண்டுமாம். ஒரு படிவம் உங்களுக்குத் தபாலில் வரும், முப்பத்திரண்டு கேள்விகள். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

மகள்


பிப்ரவரி 8

பாப்பாவுக்கு,

நான் சுகம். உன் லெட்டரும் கம்பெனியோட பழுப்பு உறையும் ஒரே நாள் வந்துச்சு. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுத்தார். நான் முழுப் பேரையும் தலைப்பெழுத்தோட போட்டேன், கைநாட்டுன்னு நினைச்சு மைப்பெட்டியை எடுத்தவர் மறுபடி பைக்குள்ள வெச்சுக்கிட்டார்.

கேள்வியெல்லாம் படிச்சேன். மூணு வயசுல மத்த பிள்ளைங்களோட விளையாடினாளா, எப்போ பேச ஆரம்பிச்சா, சத்தம் கேட்டா காதைப் பொத்துவாளா, துணி உறுத்துதுன்னு அழுவாளா. ஏம்மா, லென்ஸ் பார்க்கற வேலைக்கு நீ எப்போ பேச ஆரம்பிச்சேன்னு எந்தக் கம்பெனி கேக்கும்? இது கம்பெனி கேக்கற கேள்வி இல்லை, கோர்ட்டுல கேக்கற கேள்வி.

பின்தெருவுல ஒரு ரிட்டயர்டு கிளார்க் இருக்கார். அவர் பொண்ணுக்கு இப்படித்தான், புருஷன்காரன் நல்லவன் மாதிரி டாக்டர்கிட்ட காட்டி ஒரு பேப்பர் வாங்கினான். ஆறு மாசத்துல பொண்ணு பெட்டியோட அப்பன் வீட்டுல நின்னா, பிள்ளை அவன்கிட்ட. பொண்டாட்டிக்கு புத்தி சரியில்லைன்னு பேப்பர்லயே இருக்கே, யார் என்ன பேச முடியும்? யோசனை உன்னுதுன்னு நீ எழுதறே. யோசனையை ஒருத்தர் தலைக்குள்ள வெச்சுட்டு, அது அவங்களோடதுன்னு நினைக்க வைக்கிற சாமர்த்தியசாலிங்க எத்தனை பேரு இருக்காங்க.

அக்டோபர்ல பார்த்ததை இப்போ எழுதறேன், யார் பிரிச்சாலும் பிரிக்கட்டும். சமையலறை அலமாரியில மாவு டப்பாவுக்குப் பின்னாடி ஒரு நீல நோட்டு. மாப்பிள்ளை கையெழுத்து. தேதி போட்டு, மணி போட்டு, நீ என்ன பண்றேன்னு எழுதியிருக்கார். 'காலை பத்து: காதைப் பொத்திக்கிட்டா. பதினொண்ணு: அறைக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா. சாயங்காலம் நாலு: அழுதா, காரணம் சொல்லல.' நாலு வரிதான் படிச்சிருப்பேன். கட்டினவளைப் பத்தி போலீஸ்காரன் மாதிரி எவனாவது குறிப்பு எடுப்பானா? வாசல் கேட்டைத் திறக்கற சத்தம் கேட்டுச்சு. அந்த ஒரு தாளைக் கிழிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டேன். இங்கே என் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கேன், பிரிச்சுப் பார்க்கக்கூட மனசு வரல. நாளைக்கு ஒரு வக்கீல் கேட்டா நம்ம கையிலயும் ஒரு ஆதாரம் இருக்கணும்.

படிவத்தைப் பத்திக் கவலைப்படாதே. அன்னைக்கே பூர்த்தி பண்ணி மறுநாள் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். சம்பந்தம் பேச வந்தவங்க கேட்டா எப்படிச் சொல்வோம், அப்படி ஒரு கேள்விக்குக்கூடத் தடுமாறாம எழுதியிருக்கேன். ஒரு வயசுல பேசினா. எல்லாப் பிள்ளைங்களோடயும் விளையாடினா. எந்தச் சத்தத்துக்கும் பயந்ததில்லை. பாட்டு, ஆட்டம், பேச்சுப்போட்டி எல்லாத்துலயும் முதல். கடைசிக் கேள்வி, வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களான்னு. 'என் மகளிடம் எந்தக் குறையும் இல்லை'ன்னு அழுத்தி எழுதி அடியில கோடும் போட்டேன். இனி உன்னை எவனும் அசைக்க முடியாது.

மூக்கைப் பார்க்கச் சொன்னதுக்கு என்ன பெரிய காரணம்? எல்லா அம்மாவும் பிள்ளைக்கு மரியாதை சொல்லிக் குடுக்கறதுதான்.

உனக்குக் காவலா இருக்கும்
அம்மா


மார்ச் 10

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிறது. எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கம்பெனியில் கூப்பிட்டார்கள். நலப்பிரிவு அதிகாரியும் இன்னொருவரும் இருந்தார்கள். அதிகாரி உங்கள் பதில்களை வாய்விட்டுப் படித்தார். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் படிப்பது போல் இருந்தது. நல்ல பெண், எனக்கும் பிடித்திருந்தது. 'டாக்டர் ஒண்ணு சொல்றாங்க, உங்கம்மா ஒண்ணு சொல்றாங்க, ரெண்டுல எதை நாங்க எடுத்துக்கறது?' என்றார். இன்னொருவர், 'தனி ரூம் வேணும்னா நேரா கேக்கலாமே, அதுக்கு எதுக்கு டாக்டர் லெட்டர் வரைக்கும்?' என்று சிரித்தார். நான் அவருடைய மூக்கைப் பார்த்து, மூன்று எண்ணி, சிரித்தேன். பழக்கம். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பதினொரு நிமிடம் நின்றேன்.

அறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் பதினைந்துக்குள் வேறு ஏதாவது கொடுத்தால் மறுபடி பார்ப்பார்களாம். அப்பா இருந்திருந்தால் எழுதியிருப்பார். நான் மூன்றரை வயதில்தான் பேசினேன் என்று அப்பாதான் எனக்குச் சொன்னார்.

நீல நோட்டு என்னுடையது. கடையில் நான்தான் வாங்கினேன். எனக்கு ஏன் அழுகை வருகிறது என்று எனக்கே தெரிவதில்லை, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். அதனால் எழுதி வைக்கச் சொல்லி அவரிடம் கேட்டேன். டாக்டர் அதைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொண்டார். அக்டோபர் பதினான்காம் தேதிப் பக்கம் காணாமல் போனதும் வாலு கிழித்திருப்பாள் என்று நினைத்துத் திட்டினேன். அவள் இல்லை இல்லை என்று அழுதாள். நான் நம்பவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். யார் கிழித்தது என்று கேட்டாள். சொல்லவில்லை.

நீங்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அப்படி எழுதியிருப்பீர்கள் என்று அவர் சொல்கிறார். எனக்கு அது தானாகத் தோன்றவில்லை. அவர் சொன்ன பிறகும் நான் உறுதியாக நம்பவில்லை.

அந்தப் பக்கத்தை முழுவதும் படியுங்கள், இரண்டு பக்கமும். பிறகு திருப்பி அனுப்புங்கள். நான் கேட்ட கேள்விக்கும் பதில் வரவில்லை. அது வரும் வரை எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

மகள்


மார்ச் 16

பாப்பாவுக்கு,

உன் லெட்டர் கிடைச்சுது. இது நீ எழுதற மாதிரி இல்லையே. பக்கத்துல யாராவது நின்னு சொல்லச் சொல்ல எழுதினியா? எழுதற வேகத்துல பேனா எங்கேயும் நிக்கல, ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை. உன்னை மிரட்டி எழுத வெச்சிருந்தா, அடுத்த லெட்டர்ல தேதியை ரெண்டு தடவை எழுது. நான் புரிஞ்சுக்கறேன்.

முப்பத்திரண்டு கேள்விக்கு உன் பேருக்கு ஒரு பழுது வராம எழுதினேன். அதுக்கு எனக்குக் கிடைச்ச பரிசு இது. தையல் மெஷின்ல உக்காந்து, ஊர் பிள்ளைங்களுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைச்சு உன்னைப் படிக்க வெச்சவ நான். எனக்கா உன்னைத் தெரியாது?

வாலுவைத் திட்டினது உன் தப்பு. அதை என் தலையில கட்டாதே.

உடனே பதில் போடு.

அம்மா


ஏப்ரல் 3

பாப்பாவுக்கு அம்மா எழுதறது,

பதினெட்டு நாளா போஸ்ட்மேன் நம்ம வாசல்ல நிக்கல. முதல் வாரம் மாப்பிள்ளைதான் உன் லெட்டரை மறிக்கிறார்னு நினைச்சேன். ரெண்டாவது வாரம் போஸ்ட்மேனையே சந்தேகப்பட்டு, பையைக் காட்டுங்கன்னு கேட்டுட்டேன். பாவம், மனுஷன் எடுத்துக் கொட்டிக் காட்டினார். அதுக்கப்புறம் சந்தேகப்பட வேற ஆள் இல்லை. பெட்டியைத் திறந்தேன்.

முழுக்கப் படிச்சேன். நான் படிச்ச நாலு வரிக்குக் கீழே என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும், இருந்தாலும் நான் படிச்சேங்கறதுக்காக எழுதறேன். 'காரணம்: மிக்ஸி, டிவி, அத்தை பேச்சு, மூணும் ஒரே நேரத்துல. அத்தை நல்லவங்க, குரல்தான் பெரிசு. சொன்னா மனசு ஒடிஞ்சுடும். வழி: சத்தம் சேரும்போது அத்தையை வெளியே கூட்டிட்டுப் போயிடணும். இன்னைக்குத் தீப்பெட்டி வாங்கியாச்சு. நாளைக்கு என்ன சாக்கு சொல்றது?' பின்பக்கம் திருப்பினா ஒரே ஒரு வரி. 'நூல்கடை. அத்தைக்கு நூல் கலர் பார்க்கப் பிடிக்கும்.'

அன்னைக்கு நூல்கடையில நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? நீலத்துல மட்டும் பத்தொன்பது தினுசு இருந்துச்சு. அவர் ஒரு முகச்சுளிப்பும் இல்லாம ஓரமா நின்னுக்கிட்டிருந்தார். வீட்டுக்கு வந்து அதையே அவர் மேல குத்தமா எழுதினேன்.

உன் கேள்விக்கு வர்றேன். மரியாதைக்காகச் சொல்லிக் குடுத்தேன்னு எழுதினது பொய்.

நீ ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த மூணாவது வாரம் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. நான் போனப்போ நீ மேஜைக்கு அடியில உக்காந்திருந்தே. மணி அடிச்சா அங்கே போயிடறதாம். 'யார் முகத்தையும் பார்க்க மாட்டேங்குது, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது, இது எங்க பள்ளிக்கூடத்துக்கு ஆகாதும்மா, வேற இடம் பாருங்க'ன்னாங்க. உங்கப்பா, அவ போக்குல விடுன்னார். நான் விடல. ஒரு மாசம் டைம் குடுங்கன்னு அந்தம்மா கையைப் பிடிச்சேன்.

எனக்கு எந்தப் புத்தகமும் தெரியாது. தைக்கத்தான் தெரியும். மத்த பிள்ளைங்க எப்படிப் பார்க்குது, எவ்வளவு நேரம் பார்க்குது, எப்போ சிரிக்குதுன்னு பள்ளிக்கூட வாசல்ல நின்னு அளவெடுத்தேன். கண்ணைப் பாருன்னா நீ அலறுவே. மூக்கைப் பார்த்தா எதிர்ல இருக்கறவங்களுக்குக் கண்ணைப் பார்க்கற மாதிரியே இருக்கும், அதை நானாத்தான் கண்டுபிடிச்சேன். தினமும் காலையில கண்ணாடி முன்னாடி. நீ முடியலைன்னு கீழே உக்காந்துடுவே, நான் தூக்கி நிறுத்துவேன். சில நாள் அடிச்சும் நிறுத்தினேன். ஒரு மாசம் கழிச்சு பெரிய டீச்சர், 'என்னம்மா, பிள்ளையே மாறிட்டா'ன்னாங்க. ஜெயிச்சுட்டேன்னு வீடு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

துணி பத்தலைன்னு யாராவது வந்தா நான் தையலைப் பிரிச்சுத்தான் விடுவேன். உனக்கு மட்டும் துணியை விட்டுட்டு ஆளைப் பிடிச்சுத் தைச்சுட்டேன். கம்பெனியில கேட்ட முப்பத்திரண்டு கேள்வியும் எனக்கு அந்தப் பெரிய டீச்சர் குரல்லதான் கேட்டுச்சு. அதான் அப்படி எழுதினேன். மாப்பிள்ளை, கோர்ட்டு, கிளார்க் பொண்ணு எல்லாம் அதுக்கு மேல நான் போட்ட துணி.

கம்பெனிக்கு நேத்து மறுபடி எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். படிவம் இல்லை, அதனால நோட்டுத்தாள்ல ஒண்ணுல இருந்து முப்பத்திரண்டு வரை நம்பர் போட்டு எழுதினேன். முதல்ல அனுப்பினது பொய், எழுதினது நான், என் மகளுக்கு அதுல சம்பந்தம் இல்லைன்னு மேலேயே போட்டேன். மூணரை வயசுல முதல் வார்த்தை, அது அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை, 'ஊசி'. என் மெஷின் சத்தம் தவிர எந்தச் சத்தமும் ஆகாது, மெஷினுக்குக் கீழே என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. ஒரு சிநேகிதி, அதுவும் அந்தக் குடும்பம் வேற ஊர் போற வரைக்கும். ரெண்டாம் வகுப்புல யூனிஃபார்ம் காலரைக் கத்தரியால வெட்டினா, நான் சூடு வெப்பேன்னு மிரட்டினேன். அப்புறம் பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் அவளுக்கு மட்டும் காலருக்குள்ள பழைய மெத்து துணி வெச்சுத் தைச்சேன், அது ஏன்னு யார்கிட்டயும் சொன்னதில்லை, அவகிட்டயும்.

கடைசிக் கேள்விக்கு இப்படி எழுதினேன்: 'என் மகளிடம் எந்தக் குறையும் இல்லை. இதைப் போன தடவையும் எழுதினேன். அது மட்டும் பொய் இல்லை.'

நான் கிழிச்ச நீல நோட்டுத்தாளை இதோட வெச்சிருக்கேன். வாலுகிட்ட சொல்லிடு, கிழிச்சது பாட்டிதான்னு. திருட்டுப் பாட்டின்னு அவ கூப்பிட்டா கூப்பிடட்டும். மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அந்த நூல்கடைக்கு இன்னொரு தடவை கூட்டிட்டுப் போகச் சொல்லு, அங்கே வெச்சு சொல்லிடறேன்.

தனிப் பார்சல்ல மூணு சட்டை வருது. லேபிள் கிடையாது, தையல் எல்லாம் வெளிப்பக்கம். பார்க்கறவங்க திருப்பிப் போட்டிருக்கேன்னு சொன்னா, எங்கம்மாவுக்குத் தைக்கத் தெரியாதுன்னு சொல்லிடு.

மே மாசம் வரலாமா? மெதுவா பேசப் பழகிட்டிருக்கேன். எதிர் வீட்டுக்காரி, உடம்பு சரியில்லையான்னு ரெண்டு தடவை கேட்டுட்டா. நான் வரும்போது என் மூக்கைப் பார்க்க வேண்டாம். எங்கே வேணா பாரு. எண்ண வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம்.

வர வேண்டாம்னா அதையும் எழுது. ஒரு வரி போதும்.

அம்மா


ஏப்ரல் 21

அம்மாவுக்கு,

நோட்டுத்தாள் வந்தது. நீல நோட்டில் இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டோம்.

உங்கள் கடிதம் கம்பெனிக்கு ஏப்ரல் ஒன்பதாம் தேதி போயிருக்கிறது. நேற்று கூப்பிட்டார்கள். சின்ன அறை ஒரு வருடத்துக்கு எனக்குத் தரப்பட்டிருக்கிறது, பிறகு மறுபடி பார்ப்பார்கள். உங்கள் கடைசிப் பதிலை அதிகாரி இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை சத்தமில்லாமல் படித்தார். 'உங்கம்மா என்ன படிச்சிருக்காங்க?' என்று கேட்டார். ஐந்தாவது என்றேன்.

சட்டை மூன்றும் சரியாக இருக்கின்றன. பச்சைச் சட்டையை நான்கு நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் துவைக்கக் கேட்கிறார், தரவில்லை. காலருக்குள் துணி வைத்ததை நான் கவனித்திருக்கிறேன். எல்லா யூனிஃபார்மும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடி முன்னால் நிற்க வைத்ததை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. யோசிக்க எனக்கு நிறைய நாள் ஆகும். அதற்காக நீங்கள் வராமல் இருக்க வேண்டாம்.

வாலு உங்களைத் திருட்டுப் பாட்டி என்றுதான் சொல்கிறாள். ஒரு பூட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

மே இரண்டாம் தேதி சனிக்கிழமை, மூன்று மணி பஸ்ஸில் வாருங்கள். அவர் வேலையில் இருப்பார், நிறுத்தத்துக்கு நான் வருகிறேன். பச்சைச் சட்டை போட்டிருப்பேன். நீங்கள் இறங்கும்போது உங்கள் பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிக்க மாட்டேன்.

சந்தோஷமாக இருப்பேன்.

பாப்பா